பொது மேசைக்குப் போகாத ரத்தம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ரத்த பாட்டில்களோடேயே குடும்பம் நடத்துகிறாயா என்று எழுது.

போனில் சொல்ல வேண்டிய விஷயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, எந்த லைனில் பேசினாலும் பக்கத்து நாற்காலிக்காரி காதில் விழும். அவள் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

நான் முழுகாமல் இருக்கிறேன். இரண்டு மாதம்.

அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரலாம், அதனால் குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினேன். உனக்கே தெரியும். "தினம் கம்பம் ஏறி லைன் இழுக்கிறவன் நான். என் ஆயுசே கெட்டி இல்ல, நீ வேற" என்று சிரித்தவர், இப்போது சிரிக்க மாட்டேன் என்கிறார். ஆசையாக இருக்கிறது அவருக்கு. வாய் திறந்து சொல்ல மாட்டார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் கண்ணை மூடினால் அப்பாதான் வருகிறார். கிளட்ச் மிதிக்கிற கால் தானாக உதைத்துக்கொண்டது, பஸ்ஸில் இருந்தவர்கள் "டிரைவர் குடிச்சிருக்கான்" என்று கூச்சல் போட்டது, டிப்போவில் சட்டையைக் கழற்றிக்கொண்டு அனுப்பியது, எல்லாம். ஒரு சொட்டு தொடாத மனுஷன். கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அந்தக் கை கியர் தேடுகிற மாதிரி அலைந்துகொண்டே இருந்ததே. இடித்துக்கொள்ளக் கூடாதென்று கட்டில் கம்பியிலெல்லாம் அம்மா பழைய துணி சுற்றி வைத்திருந்தாள். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த அறையில் கட்டில் கிறீச்சிடுவது எனக்கு இன்னும் கேட்கிறது.

அந்த வியாதியைத்தானே நீ ஆராய்ச்சி செய்கிறாய்? போன தடவை வந்தபோது எங்கள் எல்லோருக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போனாய். எனக்கு அந்த ஆட்டம் வருமா வராதா? இருந்தால் கலைத்துவிடுகிறேன். என்னோடு போகட்டும். லேடி டாக்டர் இந்த மாதத்துக்குள் முடிவு செய்யச் சொல்கிறார்.

பதில் உடனே வேண்டும்.

உன் தங்கை

ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நான் நலம். உன் உடம்பு, அம்மாவின் முட்டிவலி இரண்டையும் பற்றி எழுது. மாப்பிள்ளையை மழையில் கம்பம் ஏற வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உன் கேள்விக்கு நேரான பதில் இன்னும் யாரிடமும் இல்லை. காலையில் ரத்த வங்கி வேலை. மத்தியானத்துக்கு மேல்தான் ஆராய்ச்சி. இந்த வியாதி இருக்கிற குடும்பங்களில் ரத்தம் எடுத்து, வரப்போகிறவருக்கும் வராதவருக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று தேடுகிறேன். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. வியாதிக்காரரின் பிள்ளைகளுக்குப் பூவா தலையாதான். கை ஆட ஆரம்பித்த பிறகுதான் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியும். அதற்கு நாற்பது வயதாகிவிடுகிறது.

உன் ரத்தத்தைப் பற்றி இப்போது எழுத ஒன்றுமில்லை.

அவசரப்பட்டு எதுவும் செய்யாதே.

அண்ணன்

ஜனவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலியும் சுகமாக இருக்கிறது.

நீ டாக்டராக இருந்தும் முத்து முத்தாக எழுதுகிறவன். அந்த அழகான கையெழுத்தில் "எழுத ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். ஒன்றுமில்லை என்றால் அதை எதற்கு மெனக்கெட்டு எழுதினாய்? சின்ன வயசில் மிட்டாயைப் பின்னால் மறைத்துக்கொண்டு "கையில ஒண்ணுமில்லடி" என்பாயே, அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

நேற்று என் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வேறு வீடாக இருந்தால் "பாத்துப் புடிடி" என்று ஒரு சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அம்மா என் விரல்களையே பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கை ஈரமாக இருந்ததுதான் காரணம். அதை நான் யாரிடம் சொல்வேன்? இந்தப் பிள்ளையும் வளர்ந்து என் கையை இப்படிப் பார்க்க வேண்டுமா?

வருகிற வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.

தங்கை

பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். "போகாதே" என்று நான் அடித்த தந்தி வெள்ளிக்கு முன்னால் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

உனக்கு அந்த வியாதி வராது. பூவா தலையா என்ற பேச்சே உன் விஷயத்தில் இல்லை. வராது என்றால் வராது. இதை அண்ணனாக மட்டும் சொல்லவில்லை, டாக்டராகவும் சொல்கிறேன். குழந்தையைப் பெற்றுக்கொள். உன் வழியாக அதற்கும் வராது.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. நீ கேட்காமல் இருக்கிற ஆள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்காதே. அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

முருங்கைக்கீரை, பால், தூக்கம். மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

நான், வயிற்றில் இருப்பது, இரண்டும் நலம்.

இரண்டு மாதம் ராணி மாதிரி இருந்தேன். ஒருநாள் ஒரு பானை சோற்றையே கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவர் பயந்துபோனார். அப்பா அறையின் கதவைத் திறந்து வைத்தேன். கட்டில் சத்தம் நின்றுவிட்டது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து அட்டையில் "ஓ" என்று எழுதினார்கள். அப்பா ஏபி. அது எனக்கு எப்படி மறக்கும்? அவர் விழுந்து இடுப்பு முறிந்தபோது, ஏபி ரத்தம் கொடுக்க வந்த டிப்போ ஆட்களுக்கெல்லாம் நான்தானே காபி போட்டேன். சும்மா பேச்சுவாக்கில்தான் லேடி டாக்டரிடம் கேட்டேன். "அப்பா ஏபியா இருந்தா பொண்ணு ஓ வருமா டாக்டர்?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அப்பா குரூப்பைத் தப்பா ஞாபகம் வச்சிருப்பீங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இதுதானா அண்ணா? அப்பா பிள்ளையே இல்லை, அதனால் அப்பா வியாதியும் இல்லை. இவ்வளவுதானா உன் டாக்டர் தீர்ப்பு?

நீ வேண்டாமென்று சொல்லியும் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அம்மா, அப்பா எனக்கு அப்பாதானா?" கேட்கும்போதே நாக்கு கூசியது. அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கையைக்கூட எடுக்கவில்லை. களைந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரு சொன்னா?" என்றாள். ரத்தத்தில் தெரிகிறதாம், அண்ணன் பார்த்தானாம் என்றேன்.

"அப்படின்னா அந்த வியாதி உனக்கு வராதுங்கிறானா?"

"ஆமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப அப்படியே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அப்படியே வச்சுக்கோ. அவ்வளவுதான் சொன்னாள் அண்ணா.

தங்கை

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை அதிகம். அலுவலக டைப்ரைட்டரில் அடித்து அனுப்புகிறேன், வித்தியாசமாக நினைக்காதே.

அம்மாவின் மேல் கோபப்படாதே. அப்பாவோடு அவள் பட்டதை நாம் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தவர்கள். எந்த வயசில், எந்த நிலைமையில் என்ன நடந்ததோ, அதைக் கேட்க நாம் யார்? உனக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொள்.

மாத்திரைகளை விடாமல் சாப்பிடு.

அண்ணன்

ஜூலை 3

அண்ணனுக்கு,

நலம். வயிறு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன்.

கையால் நாலு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? பாங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கிறது உன் கடிதம்.

நீ நல்லதாக முடிந்தது என்கிறாய். அந்த ஆட்டத்துக்குப் பயந்து பயந்தே நான் அப்பாவை என் உடம்புக்குள் வைத்திருந்தேன். விரல் துடித்தால் அவர், கால் மரத்துப்போனால் அவர். இப்போது தேடினால் இல்லை. கண்ணாடியில் பார்க்கிறேன், இந்த மூக்கு யாருடையது? கட்டில் சத்தம் திரும்பவும் கேட்கிறது. ஆனால் இப்போது என்னைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை. வேறு யாரோ வீட்டில் கேட்கிற மாதிரி இருக்கிறது.

அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மாமா முந்தாநாள் வந்தார். அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் தூக்கி உட்காரவைத்து, முகச்சவரம் செய்துவிட்டவர். பழம் வாங்கி வந்திருந்தார். "மாமாவ உள்ள வரச் சொல்ல மாட்டியா தாயி?" என்றார். அந்த மூக்கைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டேன். பழப்பை வாசலிலேயே இருந்தது.

அம்மாவுக்கு அது தெரியும். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறாள். நான் அவளோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரி என் கால் வீங்கினால் மட்டும் கேட்காமலே வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன்.

தங்கை

ஆகஸ்ட் 24

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. எனக்குக் கம்பி இழுக்கத்தான் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் தங்கை பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தையும் சுகம். நீங்கள் இல்லாவிட்டால் இரண்டு பேரையும் பறிகொடுத்திருப்பேன்.

பிரசவம் ஆனதும் ரத்தம் நிற்கவில்லை. ஓ குரூப்தானே என்று பாட்டில் கொண்டுவந்தார்கள். ஏற்றுவதற்கு முன்னால் கலந்து பார்த்தால் திரிந்துபோன பால் மாதிரி கட்டியாகிறது. இன்னொன்று, இன்னொன்று, எல்லாமே அப்படித்தான். நல்லவேளை, அந்த டாக்டரம்மா சும்மா ஏற்றிவிடாமல் உங்களுக்குப் போன் போடச் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் இவளோடு வேலை பார்க்கிற பொண்ணுங்க அத்தனை பேரும் வேறு யாருக்கும் கொடுக்காமல் லைனைப் பிடித்து வைத்திருந்தார்களாம். "எந்த பாட்டிலையும் ஏத்தாதீங்க, ரத்தத்தை எங்கிட்ட அனுப்புங்க" என்று நீங்கள் சொன்னது எனக்கே கேட்டது.

அதை எடுத்துக்கொண்டு வந்தது கண்டக்டர் மாமாதான். நான் சொல்லவே இல்லை. டிப்போவில் கேள்விப்பட்டு அவரே வந்து நின்றார். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அதே குரூப் என்று நீங்கள் தேடிப் பிடித்த அந்த ஆலைத் தொழிலாளி கொடுத்த ரத்தத்தைத் திரும்ப அதே மடியில் கொண்டுவந்தார். அதுவரை உப்புத் தண்ணீர் பாட்டிலை ஏற்றியே டாக்டரம்மா இவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

அபூர்வமான குரூப் என்று டாக்டரம்மா சொன்னார். இவளுக்கு விவரம் நீங்களே எழுதுவீர்களாமே. தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

செப்டம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் குழந்தைக்கும் ஆசிகள். உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். தேறட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. எழுதப் பயம்.

ரத்தத்தின் குரூப்பை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். சிவப்பு அணுவை எடுத்துப் பார்ப்பது ஒன்று. மேலே தெளிந்து நிற்கிற நீரை எடுத்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் குரூப் எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. உன் ரத்தத்தை நான் என் அறையில், ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, அணுவை மட்டும் பார்த்தேன். ஓ என்று காட்டியது. அடுத்ததைச் செய்யச் சாமான்கள் இருக்கிற, எல்லோரும் வேலை செய்கிற பொது மேசைக்குப் போக வேண்டும். அங்கே டெக்னீஷியன் நம் குடும்பப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு "என்ன சார், அப்பா ஏபி, பொண்ணு ஓ வா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டேன். உன் குழாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

கண்டக்டர் மாமா பிளாஸ்க்கோடு வந்து நின்றபோதுதான் முழுசாகச் செய்தேன். நீ ஓ இல்லை. உன்னுடையது பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிற வகை. ஏ, பி எது இருந்தாலும் அணுவில் காட்டாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஓ மாதிரியே நிற்கும். ஏபி தகப்பனுக்கு இப்படி ஒரு பிள்ளை தாராளமாகப் பிறக்கும். ஓ மாதிரி காட்டியது என்பதற்காக அம்மாவின் மேல் பழி போட ஒரு முகாந்திரமும் இல்லை. இருந்ததும் இல்லை.

நீ அப்பாவின் பெண்தான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். "வராது" என்று நான் சொன்னது செல்லாது. உனக்குப் பூவா தலையாதான். உனக்கு இருந்தால் குழந்தைக்கும் அதே பூவா தலையா. என் வார்த்தையை நம்பித்தான் நீ அவளைப் பெற்றாய்.

ஏன் சரியாகப் பார்க்கவில்லை என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். உனக்காவது இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். அம்மா கெட்டவளாகிவிட்டால் நீ தப்பிவிடுவாய் என்றதும், அம்மாவைக் கெட்டவளாக்க எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை. அதுதான் நடந்தது.

அண்ணன்

அக்டோபர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். பாப்பா நலம், அழுகிற அழுகையில் எக்ஸ்சேஞ்சே தேவையில்லை, நேராகவே உனக்குக் கேட்கும். அம்மா நலம். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. சொன்னால் நம்புவாயா? அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணாடியில் மூக்கைப் பார்த்து அழுதேன். பயம் அதற்கப்புறம்தான் வந்தது. தொட்டிலில் பாப்பா கையை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் குழந்தையும் ஆட்டுவதுதான். எனக்குத் தெரியும். ஆனாலும் போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். விட்டதும் திரும்ப ஆட்டியது. எத்தனை வருஷம் இப்படிப் பிடித்து நிறுத்தப் போகிறேனோ.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். "அப்ப உனக்கும் வரலாங்கிறானா?" என்றுதான் கேட்டாள். தன் மேல் இருந்த பழி போனது பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னிக்கு நான் கேட்டப்ப ஏம்மா இல்லைன்னு சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் உன்ன என்ன பார்வையெல்லாம் பார்த்தேன்! மாமா மூஞ்சில கதவைச் சாத்தினேனே!"

"சொல்லியிருந்தா?" என்றாள்.

"சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்!"

"என்ன தெரிஞ்சிருக்கும்? நான் நல்லவள்னு தெரிஞ்சிருக்கும். அந்த வியாதி உனக்கு இருக்கலாம்னும் தெரிஞ்சிருக்கும். அந்த ரெண்டு மாசம்தாண்டி நீ பொறந்ததுலேருந்து பயமில்லாம சிரிச்சே. பானையப் போட்டுட்டுச் சிரிச்சியே. என்னைய என்ன வேணா நினைச்சுக்கோ, நீ அப்படியே சிரிச்சுக்கிட்டு இருன்னு விட்டுட்டேன்."

பெற்றவளுக்கு எல்லாம் தெரியும்தானே அண்ணா. எந்தச் சோதனையும் தேவையில்லாமல், நான் யார் பெண் என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள். அதனால் எனக்கு அந்த ஆட்டம் வரலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். தெரிந்துகொண்டேதான் என் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

நேற்று மாமாவை நானே போய்க் கூட்டிவந்தேன். எதற்குக் கதவைச் சாத்தினேன் என்று அவர் கேட்கவில்லை. "மசக்கையில பொம்பளைங்களுக்குக் கோவம் வரும் தாயி" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். அவர் மடியில் பாப்பாவை வைத்தேன்.

உன் மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இருக்கிறது. நீ சரியாகப் பார்த்திருந்தால் இவள் இல்லை. அதை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வந்து இவளைத் தூக்கு. அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று. உன் கடிதத்தில் "உனக்காவது" என்று எழுதியிருந்தாய். நான் படிக்கும்போது அந்த இடத்தில் அம்மா "திரும்பப் படி" என்றாள். படித்தேன். காகிதத்தைக் கையில் வாங்கி, எழுத்து படிக்கத் தெரியாதவள், அந்த டைப் அடித்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

இன்று காலையிலிருந்து அப்பா அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலைத் துடைத்தாள், புதுத் தலையணை தைத்தாள். "அவன் வந்தா படுக்க வேணாமா" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். கட்டில் கம்பிகளில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வந்துவிடு அண்ணா.

உன் தங்கை